தலை கழிக்காத ஊர்

மங்கைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடியமுதல் லண்டன் எட்மண்டனில் மூன்று மாடி ஆபீஸ் ஒன்றைக் கூட்டித் துடைத்துவிட்டு அறைக்கு வந்து, முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்து லப்டொப்பின் முன் அமர்ந்தபோது வெளியே வெளிறிய வெயில். திரையில் இன்னும் இரவு.

அமெரிக்காவில் எங்கோ ஒரு சோளக்காட்டு ஊர். ஒரு தெரு, ஒரு தண்டவாளம், ஒரு தானியக் கோபுரம், அதற்கப்பால் வெறும் வெளி. கமராக்கள் வழியாக அந்த ஊருக்குக் காவல் இருப்பது வேலை. ஊர் வாசல் பலகையில் மக்கள் தொகை 212 என்று போட்டிருந்தது. விளக்கெரியும் வீடுகளோ கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். தொகை குறைந்தால் தபாற்கந்தோரை மூடிவிடுவார்கள் என்று, செத்தவர்களைக்கூட அந்த ஊர் கழிப்பதில்லையாம்.

அதைக் கேட்டு மங்கை சிரிக்கவில்லை. இந்த வேலையே அண்ணன் தேவராசாவின் பெயரில்தான் இருந்தது. அவளுக்கு விசா இல்லை. ஐப்பசியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்ததை அவள் கம்பனிக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் பெயரை அடித்து உள்ளே போனாள். கம்பனியின் கணக்கில் அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

அன்று அந்த ஊரின் பனியில் ஒரு தடம் கிடந்தது. பலகையடியில் தொடங்கித் தெருவின் நடுவால் வந்தது. மனிதக் கால்தான், வெறுங்கால். ஆனால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இல்லை. இரண்டும் ஒட்டியபடி, குதித்துக் குதித்து வந்ததுபோல. கீழ்க்கடையின் மீன் வாடையும் ஈரக் கம்பளத்தின் புழுங்கலும் ஹீட்டர் குழாய் விட்டுவிட்டுத் தட்டும் ஓசையுமாக எப்போதும் போலிருந்த அறையில், அவளுக்கு மட்டும் உள்ளங்கால் சில்லிட்டது.

போனில் வீடியோ அழைப்பு வந்தது. மேற்பார்வையாளர் செல்வமணி, ஹரோவில் வீடு வாங்கிய மலேசியத் தமிழர்.

"தேவராசாவ கூப்பிடுங்கம்மா. மேலிடத்துல அவரு முகத்தப் பாக்கணுமாம். இல்லன்னா இன்னையோட வேலை போச்சு."

பழகிய பொய் தானாக வந்தது. "அண்ணை குளிக்கிறார்."

"எப்பக் கேட்டாலும் குளியலா? மனுசனா மீனா அவரு? வரட்டும், லைன்லயே இருக்கேன்."

ஆள் செத்துப்போச்சு என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்குச் சோறில்லை, அறையுமில்லை.

"ஓம். இப்ப வருவார்," என்றாள்.

திரையில், தானியக் கோபுரத்து விளக்கின் கீழ், வேட்டியோடு ஓர் ஆள். தாடையைச் சுற்றித் தலைவரை வெள்ளைத் துணிக்கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஐப்பசியில் அவள் இரட்டையாகப் போட்ட முடிச்சு. அவர் மெல்ல நிமிர்ந்து கமராவைப் பார்த்தார்.

பிறகு ஆளில்லை. தடம் அங்கேயே முடிந்திருந்தது.

குளியலறையில் தண்ணீர் விழுந்தது.

நின்றது.

கதவின் கொண்டி விலகியது. நடையில் ஒரு தொப். பிறகு இன்னொன்று. இரண்டு காலும் சேர்ந்து.

பனியின் மணம்.

"ஆ, வாங்க தேவராசா," போனில் செல்வமணி. "பின்னால நிக்கிறீங்களே, தெரியுது. வாய ஏன் கட்டியிருக்கீங்க?"

மங்கை திரும்பவில்லை. கீழே பார்த்தாள். நாற்காலியின் பக்கத்தில் நீலம் பாரித்த இரண்டு பாதங்கள். இரட்டை முடிச்சு. பனி உருகிக் கம்பளத்தில் ஊறியது.

சொல்லாமல் மறைத்த அந்தச் சாவை அவள் அண்ணைக்குக் கடன்பட்டிருந்தாள்.