முத்துக்கரைக்குப் பதினொரு இடங்கள்

சனிக்கிழமை காலை என்றால் கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் அலைத்தொட்டிக் கூடத்தில்தான் இருப்பார்கள். முழ நீளத்துக்குக் கடற்சுவர் வார்த்து, தொட்டியில் நிறுத்தி, எத்தனையாவது அலையில் உடைகிறது என்று பார்ப்பார்கள். கல்லூரி மாணவர் சங்கம் நடத்தும் இந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதில் சேரும் மணிநேரத்தை வைத்துத்தான் வெளிநாட்டு வாய்ப்பு வரும். கடல் மட்டம் ஏறிய பிறகு எல்லை தாண்ட வேறு வழியில்லை. சுவர் கட்டத் தெரிந்தவர்களை மட்டும் எல்லா நாடுகளும் கூப்பிட்டன, கல்லூரிக்கு ஓர் இடம் என்ற கணக்கில்.

ஜெனோவா நானூற்றுப் பன்னிரண்டு மணிநேரம் சேர்த்திருந்தாள்.

அன்று கூடத்துத் திரையில் பட்டியல் வந்தது. ஓர் இடமல்ல, பதினொன்று. முதல் பெயர் அவளுடையது. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கவனித்தாள்: பதினொரு பேரும் அவளுடைய ஊரான முத்துக்கரைக்காரர்கள். சங்கத்தின் பக்கமே எட்டிப் பார்க்காத, மூன்று அரியர் வைத்திருந்த சகாயமும் அதில் இருந்தான்.

"நம்ம ஊர் மீனைத் தின்னா அம்புட்டு மூளை!" என்று அவன் குதித்தான்.

ஜெனோவா பழைய பட்டியல்களைத் தேடினாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒன்பது பேர் போயிருந்தார்கள். அத்தனை பேரும் கீழ்மணலூர். அந்த ஊர் இப்போது வரைபடத்தில் நீல நிறத்தில் இருந்தது.

சங்கப் பொறுப்பாளர் திலகவதியின் அறைக்குப் போனாள். "மேடம், எங்க ஊர்ச் சுவரைக் கைவிடப் போறாங்களா?"

திலகவதி எழுந்து கதவைச் சாத்தினார். "எல்லாச் சுவரையும் தாங்கிப் பிடிக்க கரைக்காப்பு வாரியத்தால முடியலம்மா. முன்னாடியே சொன்னா எல்லாரும் மேட்டு ஊர்களுக்குத்தான் வருவாங்க. அங்க இடமில்ல."

"அதுக்கு எங்களை ஏன் அனுப்பணும்?"

"சுவரைப் பார்த்ததும் எத்தனை நாள் தாங்கும்னு சொல்லத் தெரிஞ்சவங்க அந்த ஊர்ல இந்தப் படிப்புப் படிக்கிற நீங்க பதினொரு பேர்தானே."

விடுதியில் மற்ற பத்துப் பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். சகாயம் கைப்பேசியில் ஒப்பந்தத்தைத் திறந்து படித்தான். பிறகு, "அஞ்சு வருசம் கழிச்சு குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்னு போட்டிருக்கு" என்றான்.

"அஞ்சு வருசம் அந்தச் சுவர் நிக்காது."

"தெரியும். வாய மூடு, ஜெனோவா." அவள் முகத்தைப் பார்க்காமலே ஒப்புதல் திரையில் கட்டைவிரலை வைத்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் போய், பூசை முடிந்து வந்தவர்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். மாலைக்குள் அவளுடைய இடம் ரத்தானது. ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. இடம் போன வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் என்றார்கள். சந்தேகப்பட்ட சிலர் பிள்ளைகளைத் தொலைபேசியில் கேட்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று பத்துப் பிள்ளைகளும் சொன்னார்கள். சகாயத்தின் அப்பா அவள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்.

கப்பல் புறப்பட்ட அன்று ஊரே சுவரின் மேல் ஏறி நின்றது. பேண்டு வாத்தியம் முழங்கியது. குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் கையசைக்கச் சொன்னார்கள். ஜெனோவா மட்டும் கீழே, சுவரின் உட்புற அடியில் குந்தியிருந்தாள். அங்கே சுவருக்கடியிலிருந்து கசிந்த நீரில் மணல் கொதிக்கிற உலைபோலக் குமிழ் விட்டது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

கைகளால் மணலை அள்ளி அள்ளி அந்த ஊற்றை அடைத்தாள். ஓரடி தள்ளி இன்னொன்று கிளம்பியது.

அவளைத் தேடி அம்மா இறங்கி வந்தாள். மகளின் கன்னத்தில் வழிந்த கண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

"அழாதட்டி," என்றாள். "அடுத்த வருசம் ஒனக்கும் கெடைக்கும்."