மஞ்சளாகாத பற்கள்

2006 ஜூலை. பிற்பகல் 3.10. மண்ணரைப் பள்ளிக்கூடத்தில் மருந்துப் பெட்டி காணாமல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பல் சொத்தையை ஆரம்பத்திலேயே நிறுத்த முடியுமா என்று பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் பரிசோதிக்க வந்த புதிய ஃப்ளூரைடு பூச்சு மருந்து அது. முகாமுக்கு வந்த பல் டாக்டர் சசிகுமார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடம் பெருக்கும் மருதம்மாள் எதிரே நின்று அழுதாள்.

“இவதானுங்க எடுத்திருப்பா. பொழைக்க வந்த கூட்டம், கண்டதையும் சுருட்டும்.”

விசாரிக்க வந்த எஸ்.ஐ. சாரதாமணி டாக்டர் பக்கமே திரும்பினாள்.

“பெட்டில என்னங்க இருந்துச்சு?”

“மிச்சம் பத்து ட்யூப்பு. அப்புறம், நாப்பது காலி ட்யூப்பு.”

“காலியானது எப்போ?”

“இன்னிக்குக் காலைலதானுங்க. நாப்பது பிள்ளைங்களுக்கும் பூசிட்டேன்.”

“நான் தொடலம்மா,” என்றாள் மருதம்மாள். “எம் மவ வேல்விழிக்கும்லா மருந்து போட்டாக.”

சுவரில் டாக்டரே ஒட்டிய தாள் இருந்தது: ‘பூசிய பற்கள் இன்று முழுவதும் மஞ்சளாகத் தெரியும். பயப்பட வேண்டாம். நாளைக் காலை வரை பல் துலக்கக் கூடாது.’

சாரதாமணி அதை இரண்டு தரம் படித்தாள். நாற்பது பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

“ஈ காட்டு கண்ணு.”

வேல்விழியின் பற்கள் வெள்ளையாகப் பளிச்சிட்டன. அடுத்தவனுக்கும் அப்படியே. நாற்பது வாயிலும் மஞ்சளின் சாயல்கூட இல்லை.

“டாக்டர் பூசினது எப்படிக் கண்ணு இருந்துச்சு?”

“இனிச்சுது.”

3.45. டாக்டரின் கார் டிக்கியில் ஐம்பது ட்யூப்பும் சீல் உடையாமல் கிடந்தன.

“திருடனுக்குக் காலி ட்யூப்பு எதுக்குங்க டாக்டர்?” சாரதாமணியின் குரல் உயரவே இல்லை. “நாளைக்குச் சென்னைலிருந்து ஆராய்ச்சிக்காரங்க வந்து அதை எண்ணுவாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. காட்டக் காலி ட்யூப்பு உங்ககிட்ட இல்லை. அதனால பெட்டியே காணோம்னீங்க. பிள்ளைங்க பல்லுல சர்க்கரைத் தண்ணியத் தடவியிருக்கீங்க.”

“என் கிளினிக்குக்கு வர்றவங்களுக்குப் பூசலாம்னு எடுத்தேனுங்க. இதுகளுக்கு எதுக்குங்க இவ்வளவு நல்ல மருந்து?”

“பிள்ளைங்க பல்லு சொத்தையானதும், இந்த மருந்தே உதவாதுன்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதி மூடியிருப்பாங்க. அதைப் பத்தி உங்களுக்கென்ன? ஜீப்புல ஏறுங்க.”

போகிற போக்கில் சசிகுமார் நின்றான். “மருதம்மா, தப்பா நினைச்சுக்காத.”

மருதம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாரதாமணியிடம் கேட்டாள்:

“நாளைக்கு மருந்து பூச வேற டாக்டரத்தானம்மா அனுப்புவாக?”