ஈயப் புகையில் ஒரு கச்சேரி

செல்போன் அலறியது.

"சார்... இன்னிக்குப் பதினேழு பாடி!"

வைத்தீஸ்வரன் பதறவில்லை. நேற்று பதினொன்று!

"எல்லாம் குருவிதானேடா, ஆனந்தா?"

"தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி... ஷெட்டைச் சுத்தி வுயுந்து கெடக்குது சார். ஒரே பேஜாரா கீது!"

"புதைச்சிட்டு மூச்சு விடாதே!"

முடிச்சூரில் அவருடைய ஷெட்; ஆனந்தன் அங்கே வேலையாள். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் தொழில். புகை எந்தப் புழுவில் படிந்தது, அந்தப் புழுவை எந்தக் குருவி தின்றது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சமாச்சாரம்.

பக்கத்துத் தெரு விலங்கியல் லெக்சரர் சாவித்ரிக்கு வேண்டியிருந்தது. செத்த குருவிகளை லேபுக்கு அனுப்பினாள். 'ரத்தமெல்லாம் ஈயம்! இங்கே ஒரு பறவைகூடப் பாடுவதில்லை!' என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு மனு போட்டாள். இன்று பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். ஷெட்டுக்கு சீல் விழும்!

"பாடணும்... அவ்வளவுதானே?"

வைத்தீஸ்வரனின் பைக் சந்தைக்குப் பறந்தது.

பறவை விற்கும் ரத்தினபாய் கூண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஜோடி அறுபது நைனா."

"முப்பது! பாடலைன்னா திருப்பித் தருவேன்."

"நீ பேசற பேச்சுல அதுங்களே வாய மூடிக்கிச்சு, பாரு!"

முப்பத்தைந்தில் படிந்தது. நாற்பது தினைக்குருவிகள்!

மணி பதினொன்று. ஜீப்.

சாவித்ரியோடு இறங்கிய அதிகாரி ஹேமநாத் திகைத்து நின்றார். ஷெட் வாசலில் செடிக்குச் செடி கீச்... கீச்...!

"கச்சேரி எப்படி சார்?" வைத்தீஸ்வரன் இளித்தார். "தினம் இப்படித்தான்!"

ஹேமநாத் ஒரு குருவியைக் கையில் எடுத்தார். அது பறக்கவில்லை.

"இறக்கையைக் கத்தரிச்சிருக்காங்க. சந்தைச் சரக்கு. ஜோடி அறுபது வாங்கியிருப்பாங்களே... உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க சார்!"

வைத்தீஸ்வரனின் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையா? முப்பத்தஞ்சுக்கு முடிச்சேன் சார்!"

அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டார். லேட்!

"வாக்குமூலத்துக்கு நன்றி. நான் மாசு ஆபீஸ் இல்லை... வனத்துறை. காட்டுப் பறவையை விலைக்கு வாங்கறது குற்றம். ஏறுங்க!"

ஆனந்தன் தலையைச் சொறிந்தான்.

"அப்போ அந்தச் செத்த குருவிங்களுக்கு இன்னா கேஸு மேடம்?"

"அதுக்கு மாசு ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வரும். பதில் சொல்ல டயம் தருவாங்க. அப்புறம் இன்னொரு நோட்டீஸ்." சாவித்ரி சிரித்தாள். "கொன்னா கடுதாசி, வாங்கினா கைவிலங்கு! நல்லவேளை, மனுவுல இவங்களுக்கும் ஒரு காப்பி போட்டேன்."

வைத்தீஸ்வரன் ஜீப்பில் ஒரு காலை வைத்தார்.

"எவ்வளவு நாள் சார்... உள்ளே?"

"மூணு வருஷம் வரைக்கும்."

"கடைசி ரேட் சொல்லுங்க சார்!"