இரண்டாம் டேப்பில் போனவன்

"எம்புருசன் களவாணி இல்லம்மா. நாளைக்குக் காலையில கம்பெனியில விசாரணை. இல்லைன்னு காட்டலன்னா வேலையும் போகும், போலீசுலயும் குடுத்துருவாங்க."

இருளாயி இதைச் சொல்லிவிட்டு அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் மாரிமுத்து பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் இருளாயியின் மகள் சத்யப்ரியா, காதில் புதுத் தோட்டோடு.

ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தக் கட்டடம் மங்கம்மாவுடையது. பாகலூர்க்காரர். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே ஹரீஷ்குமாரின் வீடியோ மிக்ஸிங் கடை. பிரச்சினை என்று யார் வந்தாலும் மங்கம்மா மாடியிலிருந்து இறங்கி இந்தக் கடையில்தான் உட்காருவார். இன்று வந்த பிரச்சினையோ இந்தக் கடையிலேயே பிறந்தது.

அந்த வருடம், 2006இல், ஆயுத பூஜை அன்று கம்பெனி ஸ்டோரிலிருந்து காப்பர் ஒயர் காணாமல் போனது. வாட்ச்மேன் உட்பட எல்லோரும் பூஜையில் பொரி வாங்க நின்றிருந்த நேரம். ஒரு மாதம் கழித்து ஹரீஷ் கொடுத்த பூஜை சிடியில், பின் கேட்டில் ஒருவன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போவது தெரிந்தது. முதுகு மட்டும்தான். ஆள் ஒல்லி. அன்று அந்தப் பக்கம் டியூட்டியில் இருந்தவர்களில் ஒல்லியானவர் இருளாயியின் கணவர் சுடலைமுத்து ஒருவர்தான். காண்ட்ராக்ட் ஆள் ஒருவனைத் திருடனாக்க இதற்கு மேல் சாட்சி எதற்கு?

"ஒத்துக்கிட்டா போலீசு இல்லாம முடிச்சுக்கலாம்னு சூப்பர்வைசர் சொல்றாருங்க" என்றான் மாரிமுத்து. "நானும் அங்கதான் லோடிங்ல இருக்கேன். மச்சான்கிட்ட எவ்வளவோ சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறாப்ல."

"செய்யாதத எதுக்குண்ணே ஒத்துக்கணும்?" என்றாள் இருளாயி.

"உன் வீட்டுக்காரர் நல்ல உசரமாம்மா?" என்று கேட்டார் மங்கம்மா.

"பனமரம்மா. பின் கேட்டுல ஆள் போற சின்னக் கதவு ஒண்ணு இருக்காம். குனிய மறந்துட்டு, நெத்தியில இடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அங்க பாருங்க, பாப்பாவுக்குக்கூட அப்பன் உசரம்தான் வரும்போல."

"தோடு நல்லாருக்கு. எப்பக் குத்துனீங்க?"

"பூசை முடிஞ்ச மறுவாரம். எங்கண்ணன் மடியிலதான் வச்சுக் குத்துனோம். பட்டுப் பாவாட, தோடு, எல்லாம் அண்ணன் செஞ்சது."

மங்கம்மா தலையாட்டிவிட்டு, "சிடியப் போடுப்பா" என்றார்.

ஹரீஷ் துள்ளிக்கொண்டு எழுந்தான். துப்பறிவது என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். "அக்கா, அந்த ஆளோட செருப்ப ஜூம் பண்ணட்டுமா? மச்சம் ஏதாவது தெரியுதான்னு பாக்கட்டுமா?"

"முதல்ல ஒழுங்கா ஓட்டு."

மிஷின்களுக்கு மாலை, கற்பூரம், உடைந்த பூசணிக்காய், வரிசையில் நிற்கும் முகங்கள். பிறகு காட்சி லாரி நிற்கும் இடத்துக்கு மாறியது. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். ஒரு பெண்மணி காரில் ஏறினார். அவருக்குப் பின்னால் தூரத்தில் அந்த மூட்டைக்காரன் பின் கேட்டின் சின்னக் கதவைத் தாண்டிப் போனான்.

"நிறுத்து. இந்த லாரி டயரப் பாரு."

"டயருக்கு என்னக்கா?"

"முட்டையாட்டம் நிக்குது."

"ஆங்கிள் அப்படிக்கா."

"சரி, ஆங்கிள்னே வச்சுக்கோ. கார்ல ஏறுற அம்மா யாரு?"

"முதலாளி வீட்டம்மா. சிடி பாத்துட்டு அவங்களே போன் பண்ணாங்க. என்னை இவ்ளோ அழகா யாரும் எடுத்ததில்லன்னாங்க. அடுத்த வருசமும் நான்தான்!"

"நேர்ல எப்படி இருப்பாங்க?"

"நல்லா பூசுனாப்ல..." ஹரீஷ் பாதியில் நின்றான். திரையைப் பார்த்தான். அந்த அம்மாள் அதில் கொடி மாதிரி இருந்தார்.

"தேவுடா... ரெண்டாவது டேப்புக்கா! பழைய கேமரால டேப் தீந்துபோச்சு. மிச்சத்தப் புது கேமராவுல எடுத்தேன். அது வைடு மோடுல இருந்திருக்கு. அகலப் படத்த டேப்புல அடங்குற மாதிரி ரெண்டு பக்கமும் நெருக்கி வச்சிருக்கும். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது பதினாறுக்கு ஒம்போதுன்னு சொன்னாத்தான் அது விரியும். நான் பழைய டேப் மாதிரியே நாலுக்கு மூணுன்னு விட்டுட்டேன். அதான் அப்படியே நசுங்கிக் கெடக்கு."

"அப்ப அந்த ஆளு?"

"இதுல எல்லாரும் நசுங்குன மாதிரிதான் அவனும். நெசத்துல ஒல்லியே இல்லக்கா."

"எதுக்குங்க இதெல்லாம்?" மாரிமுத்து எழுந்தான். "படத்த மாத்திட்டோம்னு சொல்லுவானுக. வா இருளாயி, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."

"உக்காருப்பா" என்றார் மங்கம்மா. சத்தம் போடவில்லை. அவன் உட்கார்ந்தான்.

ஹரீஷ் அந்தத் துண்டின் கணக்கை மாற்றினான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. நடுவில் படம் பக்கவாட்டில் விரிந்தது. டயர் வட்டமானது. முதலாளி வீட்டம்மா தன் உடம்போடு காரில் ஏறினார். மூட்டைக்காரன் முதுகு அகன்று, கழுத்து தடித்து, கதவுக்குள் நிமிர்ந்தபடியே நுழைந்து போனான்.

மங்கம்மா திரையைப் பார்க்கவில்லை. இருளாயியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளாயி கை நீட்டிக் குழந்தையை அண்ணன் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்கா இது?" ஹரீஷுக்கு இன்னும் புரியவில்லை. "முகமே தெரியலையே!"

"முதல்ல, இது யாரு இல்லன்னு பாப்போம். படம் நசுங்குனா ஆளும் கதவும் சேந்துதான நசுங்கும்? அந்தக் கதவுல சுடலைமுத்து குனியணும். இவன் குனியல. அதுலயே அவர் இல்லன்னு ஆச்சு. ஒல்லியப் பாத்தவங்க கதவப் பாக்கல." மங்கம்மா மாரிமுத்து பக்கம் திரும்பினார். "இனி யாருன்னு கேட்டா, உள்ள வேல செய்யிற ஆளு, தடிச்ச ஆளு, மறுவாரம் கையில காசு இருந்த ஆளு. படத்தச் சரி பண்றேன்னதும் எந்திரிச்சுக் கெளம்புன ஆளு. நான் ஊகம்தான் பண்ணேன். கூடப் பொறந்தவ முதுகப் பாத்தே சொல்லிட்டா."

நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மாரிமுத்து தரையைப் பார்த்துப் பேசினான்.

"தாய்மாமன் வெறுங்கையோட சபையில உக்கார முடியுமா? ஓவர்டைம் காசு தரேன் தரேன்னு மூணு மாசம் இழுத்தடிச்சான் காண்ட்ராக்டர். வேற வழி தெரியல. இது மச்சான் தலையில விடியும்னு நெனக்கல தாயி."

"நெனக்கல, சரி. விடிஞ்ச பொறவு?" என்றாள் இருளாயி.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் விடவில்லை.

"ஒத்துக்கச் சொல்லுன்னு என் வாசல்ல வந்து நின்னியேண்ணே. அவரு சோறு எறங்காமக் கெடந்தாரு, நீ பக்கத்துல உக்காந்து கறிக்கொழம்பு ஊத்திக்கிட்ட. களவாண்டதக்கூட நான் மறந்துருவேன்."

மங்கம்மா மெதுவாகச் சொன்னார்: "இருளாயி, கதவு விசயத்த மட்டும் நாளைக்கு நான் வந்து சொல்றேன். இந்த அகலப் படம் வேணாம். அவங்க நம்புனாலும் நம்பலாம், நம்பாமலும் போகலாம். அகலப் படத்தக் குடுத்தா நம்பித்தான் ஆகணும். ஆனா உங்க அண்ணன் தப்ப முடியாது. நீதான் சொல்லணும்."

இருளாயி குழந்தையின் தலையைத் தடவினாள்.

"நம்புனாலும் நம்பலாம்ங்கிறத வச்சிக்கிட்டு எம்புருசன அனுப்ப முடியாதும்மா" என்றாள். "அகலமாவே போட்டுக் குடுங்க."

விசாரணையில் சிடியை இரண்டு முறை ஓட்டினார்கள். முதலாளி வீட்டம்மாவின் காட்சி வந்தபோது மேனேஜர் வேகமாகத் தள்ளிவிடச் சொன்னார். மத்தியானத்துக்குள் மாரிமுத்துவைப் போலீஸ் கூட்டிப் போனது. சுடலைமுத்துவிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளையிலிருந்து ஷிப்ட்டுக்கு வா என்றார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் இருளாயி கடைக்கு வந்தாள். ஹரீஷ் ஓடி வந்தான்.

"சுடலைமுத்து அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைச்சிருச்சாமே! ஜெயிச்சிட்டோம்ல!"

"போகமாட்டேங்கிறாரு."

"ஏன்?"

"மச்சானக் காட்டிக் குடுத்து வாங்குன வேலை எனக்கு வேண்டாங்கிறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் செஞ்சேன்னு கேக்குறாரு. ஊர்லருந்து எங்காத்தா போன் போட்டு, இனிமே எனக்கு மகளே இல்லன்னுருச்சு."

மாடிப்படியில் நின்றிருந்த மங்கம்மா இறங்கி வந்தார்.

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற?"

"பேக்கிங்ல பொம்பளையாளு எடுக்குறாங்க. நாளைக்கு நான் சேருறேன். சொல்லிட்டு வந்துட்டேன்."

"அதே கம்பெனியிலயா?"

"வேற எங்க உடனே எடுப்பாங்க?" இருளாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீலு யாராவது இருந்தாச் சொல்லுங்கம்மா. அண்ணன ஜாமீன்ல எடுக்கணும். மொதச் சம்பளம் வந்ததும் குடுத்துர்றேன்."