சுடாத மணல்

காலை ஆறரைக்கு மார்க்கண்டரின் இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்பளம் கண்டுபிடிக்கப்பட்டது. ஏழு மணிக்குள் குற்றவாளியையும் பிடித்துவிட்டார்கள். மருமகள் உதயகலா. தினமும் பின்னேரம் அவர் காலைக் கழுவித் துடைப்பவள் அவள்தான்.

"சுடுதண்ணியை ஊத்திப்போட்டு நிக்கிறாள். இண்டைக்கே தாய் வீட்டை போகட்டும்," என்றாள் மார்க்கண்டரின் அக்கா பத்மாவதி. உதயகலாவின் பை ஏற்கெனவே மார்க்கண்டரின் இணுவில் வீட்டு வாசலில் இருந்தது.

விசாரிக்க வந்தவர் குருநகர் கனிசியஸ், ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன். நீரிழிவு கிளினிக் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கண்டருக்குச் சிநேகமானவர். கலியாணமான புதிதில் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயில் வீதியின் மத்தியான மணலில் மனைவி தவமலர் சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி ஓடியதும், மார்க்கண்டர் சிரித்துக்கொண்டு பின்னால் போனதும், அந்த வாங்கில் கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம். தவமலர் இறந்துபோய் எத்தனையோ வருஷம்.

கனிசியஸ் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். குதியிலும் விரலடியிலும் கொப்பளம். நடுவளைவும் மேல்பாதமும் சுத்தம்.

"நோகுதோ?"

"இல்லை."

"நேற்று எங்கை போனனி?"

"மருதனார்மடம் சந்தைக்கு."

உதயகலா முன்னுக்கு வந்தாள். "முழங்கையை வைச்சுப் பாத்துத்தான் தண்ணி விடுறனான், அங்கிள். நேற்றே கால் சிவந்து கிடந்தது. கேட்டன், ஒண்டுமில்லை எண்டிட்டார்."

கொடியில் நேற்றைய வேட்டி தொங்கியது. கனிசியஸ் மடிப்பை உதறினார். வெள்ளை மணல் கொட்டியது.

"சந்தைப் பக்கம் செம்மண். இது தொண்டைமானாத்து மணல். டொக்டர் வெறுங்காலோடை நடக்க வேண்டாமெண்டு சொல்லியும், மத்தியானம் சந்நிதி வீதி சுத்தியிருக்கிறாய்."

"அப்ப தண்ணி?" என்றாள் பத்மாவதி.

"தண்ணியெண்டால் நடுவளைவை விடுமோ? நிலத்திலை பட்ட இடம் மட்டும்தான் வெந்திருக்கு. சீனி வருத்தம் கால் நரம்பைக் கெடுக்கேக்கை வெள்ளை அணுக்கள் அங்கை வந்து கூடுமெண்டு டொக்டர் சொன்னவ. அதுகள்தான் கெடுக்குதெண்டு ஆராய்ச்சிக்காரர் முதல் சந்தேகப்பட்டவையாம். எலியளிலை பாத்தால், தொடக்கத்திலை வாறதுகள் நரம்பைக் காக்கத்தான் வந்து நிக்குதுகளாம். காலடியிலை நிண்டதுக்காக இந்தப் பிள்ளையை நீங்கள் பிடிச்சதும் அந்தப் பிழைதான்."

பத்மாவதி பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

கனிசியஸ் மார்க்கண்டரிடம் திரும்பினார். "எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம். ஏன்ரா மறைச்சனி?"

"போனதைத்தான் மறைச்சனான். மணல் சுட்டதெண்டு எனக்குத் தெரியாது, கனிசியஸ்." மார்க்கண்டர் காலைக் குனிந்து பார்த்தார். "அண்டைக்கு அவள் துள்ளின அதே மணல். குளிர்ந்து கிடந்துது. எனக்கெண்டு முருகன் குளிரப் பண்ணி வைச்சிருக்கிறான் எண்டு, மூண்டு தரம் சுத்தினன்."

கனிசியஸ் வேட்டியைத் திரும்பக் கொடியில் போட்டார்.

உதயகலா கீழே உட்கார்ந்து மாமனாரின் குதியை மெல்லப் பிடித்தாள். அவருக்கு அது தெரியவில்லை. அவர் சுவரில் தவமலரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.