வலமே போன கார்

பெரிய கடைவீதி மாடியில் துப்பறிவாளர் பரக்கத் அலி மூன்றாவது டம்ளர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தபோது, சவரிராயன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கல்லூரி ஒன்றில் தலைமை எழுத்தர். பின்னாலேயே அவர் மகள் டாக்டர் டோரதி. அவளுக்கு மூச்சே இரைக்கவில்லை.

"கொலையா, சார்?" என்று துள்ளி எழுந்தார் உதவியாளர் ரெங்கராஜ். கொலை என்றால் அவருக்குத் தீபாவளி.

"இல்லீங்க. பழைய கார்."

ரெங்கராஜ் உட்கார்ந்துவிட்டார்.

"இவளை உப்பிலியபுரம் ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. மலையடிவாரத்துல பிரசவம்னு ஆள் வந்தா உடனே ஓடணுமாம். அதுக்குக் கார். நடுவழியில பிரேக் விட்டுடுச்சுன்னா? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணுங்க."

"அப்பா ஒரு மாசத்துல பதினேழு காரை மோந்து பார்த்துட்டார்," என்றாள் டோரதி. "பதினெட்டாவது பிடிச்சிருக்கு. அதான் சந்தேகப்படறார்."

"ஸ்ரீரங்கத்துல ஒரு பெரியவர் வெச்சிருந்த வண்டியாம். கால் முடியாதவர். பதினோரு வருஷம் தினமும் பின்சீட்டுல உட்கார்ந்து, கோயிலைச் சுத்தியிருக்கிற சித்திரை வீதியை வலம் வருவாராம். அவ்வளவுதான். காவிரிப் பாலத்தைத் தாண்டினதே இல்லையாம். கேட்கவே இவ்வளவு நல்லா இருக்கு, அதான் பயமா இருக்கு!"

அலி டம்ளரைக் கீழே வைத்தார். "போய்ப் பார்த்துடுவோம்."

பாலக்கரையில் பழைய கார் விற்கும் மருதையின் ஷெட்டில் ஒரே ஜாடையில் இரண்டு கறுப்புச் சீமைக் கார்கள் நின்றன. ஒன்றின் பளபளப்பில் முகம் பார்த்துச் சவரமே செய்துகொள்ளலாம். கூரையில் வந்து உட்கார்ந்த காக்கை தன்னையே பார்த்து மிரண்டு பறந்தது. மூலையில் நின்ற மற்றதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரண்டிலும் நம்பர் பலகை இல்லை.

"பலகை பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு," என்ற மருதை, பளபளப்பான காரைத் தடவிக் கொடுத்தார். "இதுதான் பெரியவர் வண்டி. கோயில் யானையே இதை முந்திக்கிட்டுப் போகும்னா பாருங்க! எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, பொய் சொல்லுவேனா? மூலையில நிக்கிறது எங்கேயோ கெடந்தது, விடுங்க."

அலி பளபளப்பான காரின் முன்விளக்கு வளையத்தை நெம்பி உள்ளே விரலை விட்டார். எதையோ வழித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அதற்குள் ரெங்கராஜ் கோழியிடம் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு மூலைக் காருக்குள் புகுந்திருந்தார்.

"சார், இது கோணல் வண்டி! முன்னால இடது டயர் வெளி ஓரம் வழுக்கை, வலது டயர் அப்படியே இருக்கு. பின்சீட்டு வலது ஓரத்துல மட்டும் கிணறு மாதிரி குழி. அந்தப் பக்கத்துக் கண்ணாடி கைப்பிடி தேஞ்சு மின்னுது. இடது பக்கத்தது அசையவே மாட்டேங்குது. ஏதோ லாரி மோதியிருக்கு!"

அலி அந்தக் குழியைப் பார்த்தபடி நின்றார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். "மாஷா அல்லாஹ்! ரெங்கராஜ், கண்டுபிடிச்சுட்டீங்க."

"எதை சார்?"

"மருதை, கோயிலை வலம் வந்தா கோயில் எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலது பக்கம்..." மருதையின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"நாலு மூலை. நாலும் வலது திருப்பம். வலது பக்கம் திரும்பினா பாரம் முன்னால இடது சக்கரத்துமேல சாயும். வெளி ஓரம் தேயும். டயரையாவது மாத்திடலாம், சீட்டுக் குழியை? பெரியவர் கோபுரம் தெரியணும்னு வலது ஓரமா உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டிருக்கார். இடது பக்கம் அவருக்கு வேலையே இல்லை. பதினோரு வருஷம். பதினாறாயிரம் திருப்பம்!"

சவரிராயன் குனிந்து இடது டயரைத் தடவிப் பார்த்தார். கோழிகூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

அலி கைக்குட்டையை அவிழ்த்தார். "இது அந்தப் பளபள வண்டியோட விளக்குக்குள்ள இருந்த வண்டல். ஆத்து வெள்ளத்துல முங்கின வண்டி. மேலே புதுப் பெயிண்ட், உள்ளே பிரேக் குழாய் பூரா துரு. பெரியவர் கதையை எடுத்து இதுக்கு மாட்டிட்டீங்க."

"ரோட்டுச் சேறுங்க அது!"

"அப்படியா? உங்க பொண்ணை இதுல உட்கார வெச்சு சமயபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. வந்ததும் இதையே வாங்கிக்கறோம்."

மருதையின் கை கதவுவரை போயிற்று. திறக்கவில்லை. "அது... வேணாங்க," என்றார், தரையைப் பார்த்தபடி.

டோரதி கோழியை இறக்கிவிட்டு மூலைக் காரைக் கிளப்பினாள். முற்றத்தில் வேகமாக ஓட்டிப் பத்துமுறை பிரேக்கை மிதித்தாள். பத்துமுறையும் ஆணியடித்ததுபோல நின்றது. சவரிராயன் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். குழி அவருக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

வாசலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

"பயமா இருக்காப்பா?"

"பதினாறாயிரம் தடவை திரும்பின வண்டிம்மா. இன்னொரு தடவை திரும்பாதா?"

டோரதி ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் ஒரு கணம் யோசித்தது, லேசாக முனகியது. பிறகு, சீமையிலிருந்து வந்திறங்கிய நாள் முதல் அன்றுதான் முதல் தடவை என்பதுபோல, இடப்பக்கம் திரும்பியது.