உள்ளே வைத்த பூனை

திங்கட்கிழமை, காலை 6.10. எங்கள் பூனை ஜிமிக்கி நடுக்கூடத்தில் செத்துக் கிடந்தது.

வாசல் கதவு, பின்கதவு இரண்டும் உள்பக்கம் தாழிட்டிருந்தன. சன்னல்களில் கொசுவலை அடித்திருந்தது. ஜிமிக்கியின் கால்கள் விறைத்து நீட்டியிருந்தன. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. அதன் தட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வைத்த மத்தி மீன் தலை வைத்தபடியே இருந்தது.

6.25. அப்பா பக்கத்து வீட்டுத் தங்கதுரை மாமாவின் மண்டையை உடைத்துவிட்டார்.

எனக்குப் பதினாறு வயது. இதை வீட்டில் யாரிடமும் பேச முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சண்டை சனிக்கிழமையே தொடங்கியது. தங்கதுரை மாமா செத்த கோழிக்குஞ்சு ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். வடக்கனந்தலில் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது.

"இந்த மாசத்துல இது பதினொண்ணு. பூனைய உள்ள வச்சி வளத்தா வள. இல்லன்னா நான் வைக்கறத வைப்பேன்."

அப்பா சிரித்தார். "உள்ள வச்சி இன்னா, டிவி போட்டுக் காட்டவா? வெளிய வுட்டாத்தான் அது பூனை. மக்காச்சோள மூட்டைய எலி தின்னுதே, நீ வந்து ராவெல்லாம் ஒக்காந்துக்கினு இருப்பியா?"

"உன் வூட்டு எலிய புடிச்சா நான் ஏன் கேக்கறேன்? என் கோழி இன்னா எலியா?"

"கோழிய நீ கூண்டுல அடைடா!"

"டா போட்டு பேசாத. பல்லு எகிறிடும்."

இரண்டு பேரும் லுங்கியை மடித்துக் கட்டினார்கள். நான்தான் குறுக்கே புகுந்தேன். "மாமா, நான் உள்ளயே வச்சிக்கறேன். வெளிய வுடவே மாட்டேன்" என்றேன். அப்பா காறித் துப்பிவிட்டுப் போனார். அதுதான் சம்மதம்.

அம்மா வேறு மாதிரி சொன்னார். "உள்ள வச்சிக்கோ. ஆனா அது மேல உண்ணி ஊருது. இந்த அழுக்கோட என் பாய்ல ஏறுச்சி, பூனையும் வேணாம் நீயும் வேணாம்னு தெருவுல தள்ளிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அம்மாவும் ஜிமிக்கியைச் சுத்தப்படுத்தினோம். பழைய துண்டில் சுற்றிக் கூடத்தில் விட்டேன். சாயங்காலம் அதன் காது வெடுக் வெடுக்கென்று துடித்தது. உடம்பு நடுங்கியது. வெளியே போக முடியாத ஏக்கம் என்று நினைத்தேன்.

திங்கள் காலை அப்பாவுக்கு யோசிக்க எதுவுமில்லை. தங்கதுரை மாமா சனிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சிக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்தது தெருவுக்கே தெரியும்.

9.30. ஜீப் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் சந்திரலேகா இறங்கினார். கரியாலூர்க்காரர், மலையில் விவசாயக் குடும்பம் என்று பின்னால் தெரிந்தது. தங்கதுரை மாமா தலையில் ஐந்து தையலோடு அதே ஜீப்பில் வந்திருந்தார்.

வாசலில் சாக்கு விரித்து ஜிமிக்கியைக் கிடத்தியிருந்தோம். பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. கறவை மாட்டின் கண்ணில் ஈ. அப்பாவின் சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தில் ஈ. எஸ்.ஐ. மேடத்தின் தொப்பியில்கூட ஈ. அவர் ஜிமிக்கியை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினி மணிக்குப் பாத்தீங்க?"

"ஆறு பத்துங்க மேடம்" என்றேன்.

"வெளிய போச்சா?"

"சனிக்கிழமையில இருந்து போவலைங்க."

அப்பா குறுக்கிட்டார். "மேடம், இவன்தான் மருந்து வச்சான். ஊரே கேட்டுக்கினு இருக்க சொன்னான். எலி மருந்து வாங்கியாந்தது உண்டா இல்லியான்னு கேளுங்க."

"வாங்கனேன்" என்றார் மாமா. "என் வூட்டு எலிக்கு. டப்பாவ ஒடைக்கவே இல்ல, வந்து பாரு. உள்ள பூட்டி வச்ச பூனைக்கு நான் எப்பிடிடா மருந்து வைப்பேன்? கூரைய பிரிச்சிக்கினா?"

"செய்வினைகூட வைப்ப நீ!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் மேடம். "பூனைய மருந்து வச்சிக் கொன்னிருந்தா இவர் மேலயும் கேசு. இல்லன்னா மண்டைய ஒடச்சதுக்கு உங்க மேல மட்டும்தான் கேசு. புரியுதா தமிழழகன்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

எனக்குப் புரிந்தது. ஜிமிக்கியைக் கொன்றது மாமா இல்லையென்றால் அப்பா மட்டும் ஜீப்பில் ஏறுவார்.

மேடம் கூடத்துக்குப் போனார். கொசுவலையை விரலால் தட்டிப் பார்த்தார். மீன் தலையைக் குனிந்து பார்த்தார்.

"இது எப்ப வச்சது?"

"நேத்து மதியம்ங்க. மோந்துகூட பாக்கல."

"அதுக்கப்புறம் வேற ஏதாச்சும் துன்னுச்சா?"

"இல்லைங்க."

"குளுப்பாட்டனீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"பூனைய தண்ணியிலயே காட்டல மேடம்" என்றார் அம்மா.

அம்மா ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து அவர் குழாயடியில் ஒரே குவளையை மூன்று தடவை தேய்த்துக் கழுவியது நினைவுக்கு வந்தது.

மேடம் கொட்டகைக்கு நடந்தார். கன்றுக்குட்டி வாய்க்கூடை கட்டிய முகத்தை வைக்கோலில் முட்டிக்கொண்டிருந்தது.

"கன்னுக்கு எதுக்கு வாய்க்கூடை?"

"மண்ணு துன்னுது மேடம். அதுக்குத்தான்" என்றார் அம்மா.

மேடம் பூட்ஸால் தரையை ஒரு தட்டு தட்டினார். எங்கள் கொட்டகைக்குப் போன வருஷம்தான் சிமெண்டு போட்டது.

"சிமெண்ட்டுல ஏதும்மா மண்ணு?"

மேடம் கூரை ஓரத்து இறவாணத்தைத் தடவி, செருகியிருந்த சின்ன பாட்டிலை எடுத்தார். மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்து. முக்கால் பாட்டில் காலியாகியிருந்தது. தள்ளிப்போய்க் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் பேசினார்.

10.20. எல்லோரையும் சாக்கைச் சுற்றி நிற்க வைத்தார்.

"நாலு மணி நேரமா வெயில்ல கெடக்குது. இத்தினி ஈ சுத்துது. இது மேல ஒண்ணு ஒக்காந்துதா பாருங்க."

பார்த்தோம். ஜிமிக்கியின் முகம் துடைத்தாற்போல் இருந்தது. சாக்கின் ஓரத்தில் நாலைந்து ஈக்கள் மல்லாந்து கிடந்தன.

"எலி மருந்து வயித்துக்குள்ள போறது. அது ஈய வெரட்டாது. இது முடி பூரா இருக்கற மருந்து. மத்தி மீனையே மோந்து பாக்காத பூனைக்கு யாரால விஷம் ஊட்ட முடியும்? அது தானே நக்கிக்கிச்சி."

அவர் கன்றுக்குட்டியைக் காட்டினார்.

"எங்க வூட்லயும் மாடு இருக்குது. உண்ணி மருந்து பூசினா கழுவ மாட்டோம், அப்பிடியே காயவுடுவோம். கன்னு நக்கிடக் கூடாதுன்னு வாய்க்கூடை கட்டுவோம். கன்னுக்கு மறக்காம கட்டுன கை, பூனைக்கு மறந்துடுச்சி. பூனை நாள் பூரா நக்கற ஜீவன். அதுவும் உள்ள அடச்சி வச்சா வேற இன்னா வேலை? மாட்டுக்குத் தாங்கறது பூனைக்குத் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. நடுக்கம் எடுத்துத்தான் சாவுமாம்."

காது துடித்தது. உடம்பு நடுங்கியது. ஏக்கம் என்று நினைத்தேன்.

"வெளிய இருந்து யாரும் வரல. மருந்து போட்டது இந்த வூட்டு கை." மேடம் என்னைப் பார்த்தார். என் வலது முழங்கையில் ஜிமிக்கி பிராண்டிய மூன்று கோடுகள். "குளிக்கப் புடிக்காம பிராண்டிச்சா, பாப்பா? நான் சொன்னா அது என் யோசனை. நீ சொன்னாத்தான் சாட்சி."

அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. அப்பா என்னையே பார்த்தார். எதிரே மாமாவின் தலைக்கட்டுத் துணியில் ரத்தம் புதிதாகக் கசிந்திருந்தது.

"நான்தாங்க" என்றேன். "அம்மா குவளையில கலக்கிக் குடுத்தாங்க. நான் தேச்சேன். கழுவல."

"அடிப்பாவி!" என்று அம்மா என் முதுகில் அறைந்தார்.

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்து, "வெளிய வுட்டிருந்தா உயிரோட இருந்திருக்கும். நானும் வூட்ல இருந்திருப்பேன்" என்றார்.

தங்கதுரை மாமா ஜீப்பில் ஏறவில்லை. எங்கள் வாசலிலேயே நின்றார். எனக்கு நன்றி சொல்வார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"உள்ள வைக்கத்தான் சொன்னேன். மருந்துல ஊற வைக்கச் சொல்லலியே" என்றார். "என் தலைல அஞ்சு தையலு. எவன் வந்து சமாதானம் பேசனாலும் கேச வாபஸ் வாங்க மாட்டேன். போய் உங்கம்மாகிட்ட சொல்லு."

ஜீப் போனது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். நான் வெளியே நின்றேன்.

ஜிமிக்கியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டுபோய்க் கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தேன். பிறகு கொட்டகையில் போய் உட்கார்ந்து கன்றின் வாய்க்கூடையை அவிழ்த்துவிட்டேன். அது என் கையை நக்க வந்தது. பதறிக் கையை இழுத்துக்கொண்டு, வாய்க்கூடையைத் திரும்பக் கட்டினேன்.

மாட்டின் கண்ணில் ஈ. என் கழுத்தில், காதில், காலில் ஈ. மடியில் கிடந்த என் இரண்டு கைகளிலும் ஒன்றுகூட உட்காரவில்லை.